தலைதட்டாத கை

சாயங்காலம் ஐந்து மணிக்குத் தானியக் கடையில் கூட்டம் சேரும். அதே ஐந்து மணிக்கு மாடியில் குழந்தை அழ ஆரம்பிக்கும். இரண்டில் எது முந்தும் என்று பந்தயமே கட்டலாம் என்றார் எதிர்க்கடை லாண்டரிக்காரர். சொன்ன அன்று யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கடை என்று பெயர்தான். ஒரு பேருந்தின் அகலம்கூட இருக்காது. இரண்டு பக்கமும் வாய் சுருட்டிவிட்ட மூட்டைகள்: அரிசி, கோதுமை, நாலைந்து வகைப் பருப்பு, வறுத்த கடலை, கோழித்தீவனம். நடுவில் ஓர் ஆள் திரும்ப இடம். பின்னால் ஒரு சமையலறை. அதற்குள்ளிருந்து செங்குத்தாக ஒரு மரப்படிக்கட்டு ஏறும். ஏறினால் ஒரே ஓர் அறை. அறைக்குத் தரையாக இருக்கும் பலகைகள்தான் கடைக்குக் கூரை. மேலே குழந்தை வீறிட்டால் கீழே பருப்பு வாங்க வந்தவர்களின் உச்சந்தலையில் நேராக வந்து விழும்.

கடைக்காரனுக்குத் தாராளம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது இப்போது அவனுக்கே கையெழுத்துப் போடும்போதுதான் ஞாபகம் வரும். இந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது அவன் கை. தராசு இருந்தாலும் அந்தத் தெருவில் பாதிப் பேர் படியில் அளந்து வாங்குகிறவர்கள். படியை மூட்டைக்குள் விட்டு அவன் ஒரு தடவை முகந்தால் விளிம்புக்கு மேலே இன்னும் ஒரு கைப்பிடி குவிந்து நிற்கும். அப்படியே பையில் கொட்டுவான். குவியலை விளிம்போடு வழித்துத் தள்ளிவிட்டு அளப்பதற்குத் தலைதட்டுவது என்று பெயர். அவனுடைய அப்பா தலைதட்டுகிறவர். அதற்கென்றே வழவழவென்று ஒரு குச்சி வைத்திருந்தார். தெரு அவருக்கு வழிச்சான் என்று பெயர் வைத்தது. பள்ளிக்கூடத்தில் இவன் வழிச்சான் மகன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இவனைப் பார்த்ததும் பையன்கள் டப்பாவின் விளிம்பை விரலால் வழித்துக் காட்டுவார்கள். அந்த விரல்களை அவன் மறக்கவே இல்லை. கடை தன் கைக்கு வந்த அன்று முதல் வேலையாகக் குச்சியை அடுப்பில் வைத்தான். அதற்கப்புறம் பதினோரு வருஷமாக அவன் அளந்த எதுவும் விளிம்போடு நின்றதில்லை.

இப்போது அந்தக் கைக்குக் கணக்குத் தப்பியது. அரைப் படிக்கு ஒரு படி போட்டான், கோதுமை கேட்டவளுக்குத் தீவனத்தை முகந்தான்.

"தாராளம், என் வீட்ல கோழி இல்லப்பா," என்றாள் அந்தப் பெண். பிறகு கூரையைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டாள். "இன்னும் அப்படித்தானா?"

"அப்படித்தான்."

"வாயுவா இருக்கும்."

"எல்லாரும் அதான் சொல்றாங்க."

"அம்மாக்காரி எதையாவது தின்னிருப்பா."

அதையும் எல்லோரும் சொன்னார்கள்.

அம்மாக்காரி, அதாவது தாராளத்தின் மனைவி, ஒரு தையல்காரி. மாடியறையின் சன்னலோரத்தில் அவளுடைய மிஷின் உறை போட்டு மூடிக் கிடக்கிறது. ஒரு நூல் அளவு கோணினாலும் பிரித்துத் தைக்கிறவள். அவள் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனால் பெண் பார்க்கப் போகிறவனுக்குக்கூட நிமிர்ந்து நிற்கத் தோன்றும் என்பார் லாண்டரிக்காரர். பிரசவம் நல்லபடியாகத்தான் ஆனது. ஐந்தாவது வாரம் வலது பக்கம் பால் கட்டி, சீழ் பிடித்து, கீறி எடுக்கும்படி ஆகிவிட்டது. இடது பக்கம் மட்டும் கொடுங்கள், போதாததற்கு மாவுப்பால் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வலது கையைத் தூக்க முடியவில்லை. அந்தப் படிக்கட்டில் இறங்க வேண்டாம் என்று தாராளத்தின் அக்கா சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து தையல்காரி மாடியை விட்டு இறங்கவில்லை. பால் கலக்குகிற வேலையைத் தாராளம் ஏற்றுக்கொண்டான்.

ஏற்றுக்கொண்டான் என்பதைவிடப் பிடுங்கிக்கொண்டான் என்பதே சரி. நாலு வேளையும் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுச் சமையலறைக்கு ஓடுவான். புட்டியைக் கொதிக்க வைப்பான். தண்ணீரை ஆற்றுவான். மாவு டப்பாவைத் திறந்து கரண்டியை விடுவான். டப்பாவின் பக்கவாட்டில் ஒரு படம் இருந்தது. கரண்டி, அதன் மேல் கிடையாக ஒரு கத்தி. முதல்நாள் அதைப் பார்த்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டான்.

"இங்க பாருக்கா. பச்சைக்குழந்தைக்குக் கலக்குற பாலுக்கும் தலைதட்டச் சொல்றான்."

"கஞ்சப்பயலா இருப்பான்," என்று அக்காவும் சிரித்தாள்.

குழந்தை எடை குறைவாகப் பிறந்தவள். அவளுக்கு ஊட்டம் வேண்டும். அப்பன் கையில் தாராளம் இருக்கிறது. கரண்டி குவிந்து குவிந்து புட்டிக்குள் போயிற்று.

*

மூன்று வாரமாக மழை விடவில்லை. அடித்துப் பெய்து ஓய்கிற மழையாக இருந்தாலும் பரவாயில்லை. இது நசநசவென்று காலையிலிருந்து இருட்டும்வரை ஒரே மாதிரி தூறியது. மூட்டைகளின் அடியில் ஈரம் ஏறியது. மாடியறையில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய கயிறுகளில் குழந்தையின் துணிகள் தொங்கின. அவற்றின் கீழே குனிந்து குனிந்து நடந்தே தையல்காரிக்கு முதுகு வளைந்துவிட்டது. சன்னலைத் திறந்தால் சாரல், மூடினால் புழுக்கம். அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டிலுக்கும் மிஷினுக்கும் நடுவே ஏழு அடி நடப்பாள், திரும்புவாள், மறுபடி ஏழு அடி. அவளுடைய உலகம் அவ்வளவாகச் சுருங்கியிருந்தது.

அக்கா நல்லவள். அதைச் சொல்லிவிட வேண்டும். கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து நாலாவது வருஷமே திரும்பி வந்தவள். தம்பி கடையில் புடைத்து, பொறுக்கி, கல் எடுத்து, தம்பி வீட்டை நிமிர்த்தியவள். குழந்தையின் துணியை அவள்தான் துவைக்கிறாள். குழந்தை வலியில் முழங்காலை வயிற்றோடு மடக்கி, முகம் செங்கல் நிறத்துக்குப் போய் வீறிடும்போது அவளும் கூடவே அழுவாள். அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு விசாரணையை ஆரம்பிப்பாள்.

"இன்னிக்கு என்ன சாப்பிட்டே?"

"சோறு."

"சோத்தோட?"

"உப்பு."

"வேற?"

"இனி நிறுத்தறதுக்கு வேற என்ன இருக்கு அண்ணி? தண்ணியை வேணா நிறுத்திடட்டுமா?"

"கோவப்படாதே. உன் பால்ல இறங்கித்தானே அதுக்குப் போகுது. பச்சைக்குடல் தாங்குமா?"

முதலில் பருப்பை நிறுத்தினார்கள், வாயு என்று. பிறகு முட்டை. பிறகு கீரை. காரம் போயிற்று, புளிப்பு போயிற்று, பால், கிழங்கு, பழம் எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. ஒவ்வொன்றை நிறுத்தும்போதும் ஒருநாள் குழந்தை கொஞ்சம் குறைவாக அழுவது மாதிரி இருக்கும். மறுநாள் பழைய கதைதான். உடனே அடுத்ததை நிறுத்துவார்கள். கீழே மூட்டை மூட்டையாகத் தானியம் அடுக்கியிருந்த வீட்டில் ஒருத்தி உப்புச்சோறு தின்றுகொண்டிருந்தாள்.

"எதுதான் இதுக்கு ஒத்துக்கும்னு சொல்லுங்க, அதை மட்டும் சாப்பிடறேன்," என்றாள் ஒருநாள் தாராளத்திடம்.

அவன் புட்டியை நீட்டினான்.

குழந்தை அந்தப் புட்டியைக் கண்டதும் தாவும். நாலு நாள் பட்டினி கிடந்தவள் மாதிரி மடக்மடக்கென்று இழுக்கும். பாதியில் நிறுத்தி, முகத்தைச் சுளித்து, உடம்பை வில்லாக வளைத்து அலறும். கெட்டியாகக் கக்கும். கக்கி முடித்ததும் மறுபடி வாயைத் திறந்து தேடும். பசி அடங்கவில்லை என்று இன்னொரு புட்டி கலக்கி வருவான். வயிறு கல்லாக இருக்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை முக்கி முனகி ஆட்டுப்புழுக்கை மாதிரி இரண்டு உருண்டை வரும்.

செய்யாத வைத்தியம் இல்லை. தோளில் போட்டு முதுகைத் தட்டினார்கள். வெந்நீரில் நனைத்த துணியை வயிற்றில் வைத்தார்கள். காலைப் பிடித்து மிதிவண்டி ஓட்டுவது மாதிரி ஆட்டினார்கள். புட்டியை மாற்றினார்கள், புட்டியின் ரப்பரை மாற்றினார்கள், மாவு டப்பாவையே இரண்டு தடவை மாற்றினார்கள். எல்லா டப்பாவிலும் அந்தக் கத்திப் படம் இருந்தது. மருந்துக்கடையில் வாயுவுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். லாண்டரிக்காரர் தன் பங்குக்கு, இஸ்திரிப்பெட்டி சூட்டில் மடித்த துண்டு ஒன்றைத் தினமும் ஐந்து மணிக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்.

"என் மூத்தவளும் இப்படித்தான் அழுதா," என்பார். "மூணு மாசம் முடிஞ்சதும் பட்டுனு நின்னுடுச்சு."

"இவளுக்கு எண்பது நாள் ஆச்சுண்ணே."

"அப்ப பத்து நாள். பல்லைக் கடிச்சுக்க."

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அந்த வீடு நிம்மதியாக இருந்தது. அதையும் அக்காதான் கண்டுபிடித்தாள்.

"ஒரு துணி காய ரெண்டு நாள் ஆகுது இந்த மழையில. நல்லவேளை, இவ சமர்த்து. ஒரு நாளைக்கு நாலு துணிக்கு மேல நனைக்கிறதில்லை. முன்னெல்லாம் பத்து போகும்."

தாராளமும் ஆமாம் என்றான். அந்தச் சமர்த்தை நினைத்து அவர்கள் மூன்று பேருக்கும் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

*

எண்பத்து நாலாவது நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு அழுகை வரவில்லை.

கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். ஐந்தேகால் ஆயிற்று. ஒருத்தி மெல்லச் சிரித்தாள். லாண்டரிக்காரர் சூடான துண்டோடு வந்து, வாசலிலேயே நின்று காது கொடுத்துக் கேட்டார். "நான் சொன்னேன்ல," என்றார். தாராளத்துக்கு நெஞ்சில் இருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்தது மாதிரி இருந்தது. அன்றைக்கு அவன் அளந்த படிகள் வழக்கத்தைவிடக் குவிந்திருந்தன.

ஐந்தரைக்கு மேலேயிருந்து தையல்காரி கூப்பிட்டாள். உரக்கக் கூப்பிடவில்லை.

"ஏங்க. கொஞ்சம் மேல வாங்க."

குழந்தை அவள் மடியில் கண்ணை அரைகுறையாகத் திறந்தபடி கிடந்தது. அழுகிற மாதிரி வாய் கோணியது, சத்தம் வரவில்லை. கண்ணீரும் வரவில்லை. உதடு வெடித்திருந்தது. உச்சந்தலையில் துடிக்கிற இடம் உள்ளே குழிந்திருந்தது.

"காலையில மாத்தின துணி," என்றாள் தையல்காரி. "இன்னும் நனையலை."

அவன் படியில் இறங்கவில்லை, விழுந்தான் என்றே சொல்லலாம். கடையை அப்படியே போட்டுவிட்டு, மாவு டப்பாவையும் புட்டியையும் ஒரு பையில் திணித்துக்கொண்டு, லாண்டரிக்காரர் பிடித்து நிறுத்திய வாடகை வண்டியில் இருவரும் ஏறினார்கள். வண்டியில் தையல்காரி தன் இடது மார்பைக் குழந்தையின் வாயில் வைத்து வைத்து எடுத்தாள். அதற்கு இழுக்கத் தெம்பில்லை.

மருத்துவமனையில் கேள்வியே கேட்காமல் குழந்தையை வாங்கிக்கொண்டார்கள். அந்தச் சின்னக் கையில் நரம்பு அகப்படவில்லை. காலில் தேடி ஊசி போட்டு மெல்ல மெல்லத் திரவம் ஏற்றினார்கள். அம்மாவை உள்ளே உட்காரச் சொன்னார்கள். அப்பாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

அரைமணி கழித்து ஒரு நர்ஸ் வந்தாள். நடுத்தர வயது, தூக்கிச் செருகிய கொண்டை, அலுத்துப்போன நடை.

"ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைக்கும் உங்க குழந்தை?"

"நாலு. சில நாள் மூணு," என்றான். "ரொம்ப சமர்த்துங்க அதுல."

நர்ஸ் அவனை ஒரு கணம் பார்த்தாள். "பால் யாரு கலக்குறது?"

"நான்தான். ஒரு வேளைகூட வேற யாரையும் விட்டதில்லை."

"டப்பா இருக்கா? வாங்க, கலக்கிக் காட்டுங்க."

மருந்து வைக்கிற மேசை மேல் டப்பாவை வைத்தான். அவள் தண்ணீர் அளந்து கொடுத்தாள். அவன் கையைக் கழுவி, துடைத்து, கரண்டியை விட்டு முகந்தான். அந்த நிலையிலும் அவன் கை அழகாகத்தான் முகந்தது. மாவு உதிராமல் குவிந்து நின்றது.

"அப்படியே பிடிங்க," என்றாள் நர்ஸ்.

ஒரு காகிதத்தை அடியில் விரித்து, நாக்கை அழுத்திப் பார்க்கிற தட்டைக் குச்சி ஒன்றை எடுத்துக் கரண்டியின் விளிம்போடு வழித்தாள். குவியல் காகிதத்தில் விழுந்தது. கரண்டியைக் காலி செய்துவிட்டு, விழுந்ததை அதில் போட்டுக் காட்டினாள். முக்கால் கரண்டி இருந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"ஆறு வாரமா," என்றான். "புள்ளைக்கு ஊட்டமா இருக்கட்டும்னு."

"ஊட்டம் இல்லைங்க இது. பிஞ்சு உடம்பு, இவ்வளவு கெட்டியைக் கழிக்க உடம்புல இருக்கிற தண்ணியெல்லாம் செலவாயிடும். மலம் கல்லாயிடும். அந்தக் குழந்தை பசிக்கு அழலை. தாகத்துக்கு அழுதிருக்கு. நீங்க தாகத்துக்கு மறுபடி மாவையே குடுத்திருக்கீங்க."

அவன் டப்பாவின் மூடியைப் போட்டான்.

"பொழைச்சுக்குமா?"

"நேரத்துக்குக் கொண்டாந்துட்டீங்க. பொழைச்சுக்கும். தாய்ப்பாலும் கொஞ்சம் குடிச்சிருக்கில்ல, அதுலதான் இத்தனை நாள் தாக்குப்பிடிச்சிருக்கு. இப்ப அது குறைஞ்சுபோயிருக்கு. ஏன், அவங்க சரியா சாப்பிடறதில்லையா? ஆளு குச்சியா இருக்காங்க."

"அவ சாப்பாட்டாலதான் குழந்தைக்கு வாயுன்னு சொல்லி..."

"என்ன சாப்பிடறாங்க?"

"சோறும் உப்பும்."

நர்ஸ் காகிதத்தைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"அவங்க சாப்பாட்டுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எல்லாம் சாப்பிடச் சொல்லுங்க. நீங்களே போய்ச் சொல்லிடுங்க, நான் சொன்னா ஒரு மாதிரி இருக்கும்."

*

சொல்லத்தான் போனான். சத்தியமாகச் சொல்லத்தான் போனான்.

தையல்காரி குழந்தையின் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். திரவம் சொட்டுச் சொட்டாக இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தவள், அவன் வந்து நின்றதும் திரும்பாமலே பேசினாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அண்ணிகிட்ட சொல்லாதீங்க."

"என்ன?"

"முந்தாநாள் மத்தியானம், அண்ணி குளிக்கப் போயிருந்தப்ப, கீழே இறங்கினேன். நீங்க சாக்கு வாங்கப் போயிருந்தீங்க. கடலை மூட்டையிலேருந்து ஒரு கை எடுத்துத் தின்னுட்டேன்."

அவள் கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

"ஒரு கை இல்லை. ரெண்டு கை. நின்னுக்கிட்டே, மென்னும் மெல்லாமலும் முழுங்கினேன். யாராவது வந்துடுவாங்கன்னு பயம். பசி தாங்கலைங்க. ரெண்டு நாள் ஒண்ணும் ஆகலை, தப்பிச்சேன்னு நெனைச்சேன்." குரல் உடைந்தது. "இதோ கிடக்குது பாருங்க. நானே கொன்னிருப்பேன்."

ஒரு வாக்கியம் போதும். கை உன்னுடையது இல்லை, என்னுடையது. அதைச் சொல்ல மூச்சுகூட நீளமாக வேண்டாம். தாராளம் வாயைத் திறந்தான். கையில் மாவு டப்பாப் பை தொங்கியது. நல்ல அப்பன் என்று தன்னைக் கொண்டாடிக்கொண்ட ஆறு வாரமும், தாராளம் என்று தெருவில் நடந்த பதினோரு வருஷமும் அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிரே நின்றன.

"சரி விடு," என்றான். அவள் தோளைத் தொட்டான். "தெரியாமத்தானே பண்ணினே. விடு."

அவள் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மனுஷன் எத்தனையோ கேவலம் செய்கிறான். தான் செய்த தப்புக்கு இன்னொருத்தியை மன்னித்துவிடுவது அதில் எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியவில்லை. உண்மையைச் சொல்ல ஒரு கதவு இருந்தது, திறந்தும் இருந்தது. ஆனாலும் அவனால் அதன் வழியாகப் போக முடியவில்லை. வராந்தாவில் நர்ஸ் எதிர்ப்பட்டால் சுவரோரமாக ஒதுங்கினான். மறுநாள் அவளுக்கு வேறு வார்டு. அவளைக் காணாதபோது முதலில் ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதி வந்ததே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. குழந்தைக்குப் பாலை வார்டிலேயே கலக்கிக் கொடுத்தார்கள். குடித்தது, கக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் வார்டே திரும்பிப் பார்க்கும்படி படுக்கையை ஈரமாக்கியது. ஆயா வந்து விரிப்பை மாற்றிவிட்டு, "இனிமே கவலையில்லை," என்றாள்.

இந்த இரண்டு நாளில் அக்கா வந்தாள். தையல்காரியால் மனசில் வைத்திருக்க முடியவில்லை, கடலை விஷயத்தை அவளே சொல்லிவிட்டாள். அக்கா திட்டவில்லை. பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சையும் தாராளம் கேட்டுக்கொண்டு பக்கத்தில்தான் நின்றான்.

*

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலமும் தூறல்தான். குழந்தை கட்டிலில் கையை விரித்துப் போட்டுத் தூங்கியது. துணிகள் தொங்கும் கயிறுகளுக்கு அடியில் தையல்காரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தாராளம் படிக்கட்டின் மேல்படியில் உட்கார்ந்திருந்தான். அக்கா தட்டில் சோறும் ஓரத்தில் உப்பும் வைத்துக் கொண்டுவந்தாள்.

"கடலை மூட்டை வாயைத் தச்சுட்டேன்," என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை, உதவியாகத்தான் சொன்னாள். "கண்ணுல பட்டாத்தானே ஆசை வரும்."

"நல்லது அண்ணி," என்றாள் தையல்காரி.

தட்டை மடியில் வைத்து ஒரு வாய் எடுத்தாள். இரண்டாவது வாய்க்குக் கை போகும்போது தாராளம் பேசினான்.

"காரணம் அவ சாப்பாடு இல்லைக்கா."

இரண்டு பேரும் அவனைப் பார்த்தார்கள்.

"நான் கரண்டியைக் குவிச்சுக் குவிச்சுப் போட்டேன். ஒரு கரண்டிக்குக் கிட்டத்தட்ட ரெண்டு. அதுதான் குழந்தையைக் காயப்போட்டிருக்கு. தாகத்துல அழுதிருக்கா. நர்ஸ் என்னைக் கலக்கிக் காட்டச் சொல்லி, வழிச்சு, கண்ணு முன்னாடி காட்டினாங்க." தையல்காரி பக்கம் திரும்பினான். "உன் பால்லதான் இத்தனை நாள் தாங்கியிருக்கா. அதை நாங்க பட்டினி போட்டு வத்தவச்சிருக்கோம்."

கீழே யாரோ, "தாராளம், ஆள் இருக்கா?" என்று கூப்பிட்டார்கள். யாரும் பதில் சொல்லவில்லை.

அக்காவின் முகம் வெளுத்தது. டப்பாப் படத்தைப் பார்த்துச் சிரித்தது ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஆனாலும் வாய் தம்பியைக் காப்பாற்றத்தான் போயிற்று. "நல்லதுக்குன்னுதானே போட்டான். வேணும்னா பண்ணினான்..."

"அண்ணி, கொஞ்சம் பேசாம இருங்க," என்றாள் தையல்காரி. அந்த வீட்டில் அவள் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அக்கா பேசாமல் இருந்தாள்.

"எப்ப காட்டினாங்க நர்ஸ்?"

"போன அன்னிக்கே."

"நான் கடலை தின்னதைச் சொல்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவனுக்குப் பொய் சொல்ல இன்னும் ஓர் இடம் இருந்தது. அதைப் பார்த்தான்.

"முன்னாடி," என்றான்.

அவள் குழந்தையைப் பார்த்தாள். பிறகு தன் வலது கையைப் பார்த்தாள், விரல்களில் சோறு ஒட்டியிருந்தது. கோபப்பட்டு ஒரு தட்டை வீசியிருந்தால்கூட அவன் பிழைத்திருப்பான். அவள் துணி வெட்டுவதற்கு முன்னால் கோடு போடுகிற நிதானத்தோடு பேசினாள்.

"கரண்டி தெரியாம நடந்தது. அதை நான் ஒண்ணும் சொல்லலை. அந்த ரெண்டு நாள் தெரிஞ்சு நடந்தது."

"ஆமா."

"என்னை 'விடு'ன்னு சொன்னீங்க. நான் உங்க கையைப் பிடிச்சுக் கும்பிட்டேன்."

"ஆமா."

அவள் எழுந்தாள். கயிற்றுக்குக் குனியாமல், தொங்கிய துணியைக் கையால் விலக்கிக்கொண்டு வந்து, தட்டை அவன் முன்னால் வைத்தாள்.

"இதைச் சாப்பிடுங்க."

படிக்கட்டை நோக்கி நடந்தாள். அக்கா, "கீறின இடம் வலிக்கப் போகுது, நான் கொண்டாறேன், என்ன வேணும் சொல்லு," என்று எழுந்தாள்.

"நீங்க குழந்தையைப் பார்த்துக்குங்க. எனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும்."

அவன் நகர்ந்து வழிவிட்டான். ஒவ்வொரு படியாகப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். கீழே அவள் குரல் கேட்டது, வந்திருந்தவரிடம் நாளைக்கு வரச் சொன்னாள். பிறகு சமையலறையில் பாத்திரம் எடுக்கிற சத்தம். அடுப்பு பற்றிய சத்தம். எண்ணெய் சூடாகி எதுவோ அதில் விழுந்து பொரிகிற சத்தம். வாசனை பலகை இடுக்கு வழியாக ஏறி வந்தது.

தாராளம் தட்டை இழுத்துக்கொண்டான். சோறு ஆறி விறைத்திருந்தது. பிசைந்தான், பிசைய அதில் ஒன்றும் இல்லை. முதல் வாய் எப்படியோ இறங்கிவிட்டது. இரண்டாவது வாய் நாக்கிலேயே நின்றது. வாரக்கணக்காக, மூன்று வேளை, இதே சோறு. அக்கா அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை எடுக்கக் கை நீட்டினாள்.

"வேணாம்டா. வை."

"இருக்கட்டும்க்கா," என்றான்.

மூன்றாவது வாயை எடுத்தான். கீழே அவள் சாப்பிட உட்கார்ந்துவிட்டாள் போலிருக்கிறது, தட்டு நகர்கிற சத்தம் கேட்டது. அவனை அவள் கூப்பிடவில்லை. தட்டில் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. அவன் மென்றுகொண்டே இருந்தான்.